ஆள் நிறைந்த காருக்குத் தனித் தடம்: நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெற்றோர் தவறாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. அங்கே நெடுஞ்சாலையில் வைரக்கட்டம் வரைந்த தனித் தடம் ஒன்று இருக்கிறது. இரண்டு பேரோ மூன்று பேரோ இருக்கும் கார் மட்டும் அதில் போகலாம். பக்கத்துத் தடங்களில் வண்டிகள் நின்று கிடக்கும்போது அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கேட்கும் தக்கலைக்காரருக்கும் மார்த்தாண்டத்துக்காரருக்கும் அடுத்து வரும் கேள்வி இயல்பானது: தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற நம் சாலையில் அதைச் செய்தால் என்ன?

அந்தக் கேள்வியை இங்கே முழுதாகப் போட்டுப் பார்க்கிறோம். விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்போதைய இருவழிச் சாலையில் அதற்கு இடமே இல்லை. நான்கு வழி முழுதாக வந்த பிறகும் கார்பூல் தடம், அதாவது பலர் சேர்ந்து போகும் காருக்கான தனித் தடம், இங்கே தவறான முதல் படி. ஆனால் அந்தத் தடம் எதற்காக உண்டானதோ, அதாவது காரில் காலியாகப் போகும் மூன்று இருக்கைகளை நிரப்புவதற்கு, தடம் இல்லாமலே நிறையச் செய்யலாம். அதில் எங்கே நேரம் மிஞ்சும், எங்கே கையைச் சுடும் என்பதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

சாலையின் அமைப்பு

நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகும் சாலை பழைய தேசிய நெடுஞ்சாலை 47. இப்போது அதன் எண் 66. பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சுவாமியார்மடம், மார்த்தாண்டம், குழித்துறை, படந்தாலுமூடு, களியக்காவிளை. எல்லை தாண்டினால் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த காலத்துப் போக்குவரத்தின் மேல் வளர்ந்த சாலை இது. 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் வேலை, ஆஸ்பத்திரி, விமானம் என்று திருவனந்தபுரத்தோடு இருந்த ஒட்டு விடவில்லை. 1990-ல் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்ததும் தினசரிப் பயணத்துக்கு இன்னொரு காரணம் சேர்ந்தது.

இந்தச் சாலையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளி கிடையாது. வீடு, கடை, பள்ளி, கோவில், தேவாலயம் எல்லாம் சாலையை ஒட்டியே நீள்கின்றன. சில மீட்டருக்கு ஒரு சந்து வந்து சேர்கிறது. ஒவ்வொரு சந்திலிருந்தும் ஒரு பைக், ஓர் ஆட்டோ, ஒரு பள்ளி வேன் மூக்கை நீட்டும். இதற்கிடையே மலையோரத்திலிருந்தும் கிழக்கேயிருந்தும் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளத்துக்குப் போகின்றன. ஏற்றத்தில் ஒரு டாரஸ் முதல் கியருக்கு வந்தால், பின்னால் இருக்கும் எல்லாருக்கும் அதுதான் வேகம்.

கார்பூல் தடம் பிறந்த சாலைகள் இப்படிப்பட்டவை அல்ல. வாஷிங்டனுக்குத் தெற்கே உள்ள ஷெர்லி நெடுஞ்சாலையில் 1969-ல் பஸ்ஸுக்காகத் தனித் தடம் திறந்தார்கள். 1973-ல் நான்கு பேருக்குக் குறையாத கார்களையும் அதில் விட்டார்கள். அங்கே குறுக்குச் சந்து கிடையாது, சாலையோர வீடு கிடையாது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் குறிப்பிட்ட சரிவுப் பாதைகள் மட்டும்தான். ஒருவர் தடத்துக்குள் நுழைந்தால் பல கிலோமீட்டருக்கு வெளியே வரத் தேவையில்லை. தடத்தின் பயன் முழுக்க அந்த இடைவிடாத ஓட்டத்தில் இருக்கிறது. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே அப்படி ஓடத் தொடர்ச்சியாக ஒரு கிலோமீட்டர்கூடக் கிடைக்காது.

மார்த்தாண்டத்து இரும்பு மேம்பாலம் மட்டும் விதிவிலக்கு. ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்குக் குறுக்கீடு எதுவும் இல்லை. ஆனால் அதிலும் ஒரு திசைக்கு ஒரு வரிசைதான்.

இடத்தின் கணக்கு

சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ், சாலையில் எடுக்கும் இடத்துக்கு ஏற்ப ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அலகு கொடுத்திருக்கிறது. கார் 1, பைக் 0.5, பஸ்ஸும் லாரியும் 3. சமவெளியில் இருவழிச் சாலை ஒரு நாளைக்கு 15,000 அலகுகள் வரை சிரமமில்லாமல் தாங்கும். நடுவே தடுப்புள்ள நான்கு வழி 35,000 வரை தாங்கும் என்பது அவர்கள் வகுத்த வடிவமைப்பு அளவு.

இந்த அலகை ஆள் கணக்காக மாற்றினால் நம் சாலைக்கு வேண்டிய உண்மை வெளியே வருகிறது. ஒருவர் மட்டும் ஓட்டும் கார், ஓர் அலகில் ஓர் ஆளைக் கொண்டுபோகிறது. நால்வர் உள்ள கார் நான்கு ஆள். இருவர் உள்ள பைக் அரை அலகில் இரண்டு ஆள், அதாவது அதுவும் அலகுக்கு நான்குதான். ஐம்பது பேரோடு வரும் அரசு பஸ் மூன்று அலகில் ஐம்பது, அலகுக்கு 16-க்கும் மேல்.

ஆக, நான்கு பேர் நிறைந்த கார் எடுக்கும் இடமும் தம்பதியாகப் போகும் பைக் எடுக்கும் இடமும் ஆளுக்குக் கணக்கிட்டால் சமம்தான். பஸ் இரண்டையும் நான்கு மடங்கு மிஞ்சுகிறது. காருக்கு மட்டும் தனித் தடம் கொடுத்து, பைக்கையும் பஸ்ஸையும் நெரிசலில் விடுவதற்கு இந்தச் சாலையில் நியாயம் இல்லை. அமெரிக்கச் சாலையில் இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே பைக் சொற்பம், கூட்டாட்சிச் சட்டமே பைக்கை அந்தத் தடத்தில் அனுமதிக்கிறது. நாம் பைக்கை அனுமதித்தால் பத்து நிமிடத்தில் தடம் நிரம்பிவிடும். தடுக்க வேண்டுமானால் இடைவெளியில்லாத தடுப்புச் சுவர் வேண்டும். சுவர் வைத்தால் சந்துகள் அடைபடும்.

அதற்காகக் காரை நிரப்புவது வீண் என்று பொருளில்லை. நெரிசலில் நிற்கும் ஒரு கார் முன்பின் இடைவெளியோடு சுமார் ஏழு மீட்டர் எடுக்கிறது. ஒரே அலுவலகத்துக்குத் தனித்தனியாகப் போகும் பன்னிரண்டு கார்கள் மூன்று கார்களாகக் குறைந்தால், பாலராமபுரம் முக்கில் நிற்கும் வரிசை 63 மீட்டர் சுருங்கும்.

தடம் தோற்ற இடங்கள்

தடம் வெற்றி பெறுவதற்கான எல்லை மிகவும் குறுகியது. தடத்தில் வண்டி குறைவாக இருந்தால், பக்கத்தில் நிற்பவர்கள் காலித் தடத்தைப் பார்த்துக் கொதிப்பார்கள். வண்டி அதிகமானால் தடமும் நின்றுவிடும். பிறகு ஆள் சேர்த்துக்கொண்டு வருவதற்கு ஒருவருக்கும் காரணம் இருக்காது. இந்த இரண்டு பக்கமும் லாஸ் ஏஞ்சலஸ் விழுந்திருக்கிறது.

1976 மார்ச் 15 அன்று சான்டா மோனிகா நெடுஞ்சாலையில் புதிதாகத் தடம் கட்டாமல், இருந்த தடத்தில் ஒன்றை எடுத்து மூன்று பேர் உள்ள கார்களுக்கு ஒதுக்கினார்கள். மீதித் தடங்களில் நெரிசலும் விபத்தும் கூடின. 21 வாரத்தில், ஆகஸ்டில், நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. இருக்கிற தடத்தைப் பறித்துக் கொடுக்காதே, புதிதாகச் சேர்த்துக் கொடு என்ற பாடம் அங்கிருந்துதான் வந்தது. நம் சாலையில் பறிக்கக்கூட ஒன்று இல்லை.

எதிர்ப்பக்கம் எல் மான்டி தடம். பஸ்ஸுக்காக 1973-ல் திறந்து, பிறகு மூன்று பேர் உள்ள கார்களையும் விட்டு நன்றாக ஓடிய தடம். 2000 ஜனவரியில் சட்டம் போட்டு, இரண்டு பேர் போதும் என்று தளர்த்தினார்கள். நெரிசல் நேரத்தில் தடம் அடைத்துக்கொண்டது, பஸ்கள் அதில் சிக்கின. அதே ஆண்டு ஜூலையில் நெரிசல் நேரத்துக்கு மறுபடியும் மூன்று பேர் என்று மாற்றினார்கள். ஒரே ஓர் ஆள் எண்ணிக்கைதான் தடத்தைக் கெடுத்தது. இந்த எண்ணை முன்கூட்டிச் சரியாகப் பிடிக்க, சாலையில் போகும் கார்களில் இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர் எத்தனை என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும்.

ஜகார்த்தாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அந்த ஊரிலும் பைக் அதிகம், மனித உழைப்பு மலிவு. 1992 முதல் நகரின் முக்கியச் சாலைகளில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் காரில் மூன்று பேர் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. விதியைத் தாண்ட ஓர் உபதொழில் பிறந்தது. சாலை தொடங்கும் இடத்தில் ஆட்கள் நிற்பார்கள். காசு கொடுத்தால் காரில் ஏறி உட்கார்ந்து எண்ணிக்கையை நிரப்புவார்கள். கைக்குழந்தையோடு நிற்கும் தாய்மாரும் உண்டு, அவர் ஏறினால் இரண்டு தலை. இதைக் காரணம் காட்டி 2016-ல் விதியையே எடுத்தார்கள். எடுத்த பிறகு அளந்தபோது மாலை நெரிசலில் ஒரு கிலோமீட்டருக்கான தாமதம் 2.8 நிமிடத்திலிருந்து 5.3 நிமிடமாகவும், காலையில் 2.1-லிருந்து 3.1 ஆகவும் ஏறியிருந்தது. ஆள் வாடகைக்கு எடுக்கும் ஏமாற்று நடந்துகொண்டிருந்தபோதும் விதி வேலை செய்தது என்பதுதான் அதன் பொருள். ஏமாற்று இருக்கிறது என்பதற்காக ஒன்றை ஒழிக்கும் முன் அளந்துபார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இரண்டு அனுபவம் உண்டு, இரண்டும் பஸ்ஸுக்கானவை. டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-ல் சாலையின் நடுவே பஸ் தடம் போட்டார்கள். கார்காரர்களின் எதிர்ப்பு ஓயாமல், 2016-ல் இடித்தார்கள். பெங்களூரில் 2019-ன் பிற்பகுதியில் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு – கே.ஆர்.புரம் இடையே குத்துக்கம்பம் நட்டுப் பஸ் தடம் பிரித்தார்கள். பஸ் வேகம் கூடியது. பிறகு வந்த மெட்ரோ வேலையில் அந்தத் தடம் கலைந்தது.

நான்கு வழி வந்தால்?

கேரளப் பக்கம் கழக்கூட்டத்திலிருந்து முக்கோலை வழியாக எல்லையை ஒட்டிய காரோடு என்ற ஊர் வரை 43 கிலோமீட்டர் புறவழிச் சாலை ஓடுகிறது. முக்கோலை – காரோடு 16 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை. எல்லையிலிருந்து கிழக்கே கன்னியாகுமரி வரை நம் பக்கத்து நான்கு வழி வேலை நிரப்பு மண், குளங்கள், நிலம் என்று தடைபட்டுத் தடைபட்டு நீண்டது. முழுதாக ஓடும்போது அதில் ஒரு தடத்தைக் கார்பூலுக்கு ஒதுக்கலாமே என்ற யோசனை வரும். வேண்டாம் என்பதே எங்கள் கணிப்பு.

ஒரு திசைக்கு இரண்டே தடம். இடது தடத்தில் டாரஸ் ஏறும். அதைத் தாண்டுவதற்கு இருப்பது வலது தடம் ஒன்றுதான். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால் கார்பூல் தடம் இடது ஓரத்தில், நடுத் தடுப்பை ஒட்டி இருக்கும். நமக்கு அது வலது ஓரம். அதை ஒதுக்கினால், தனியாகப் போகும் காரும் பைக்கும் லாரிக்குப் பின்னால் சிறைப்படும். தாண்டுவதற்காக எல்லாரும் தடத்துக்குள் நுழைவார்கள், போலீஸ் எல்லாரையும் பிடிக்க முடியாது, ஒரு மாதத்தில் கோடு வெறும் பெயிண்ட் ஆகிவிடும். கார்பூல் தடத்தைப் பற்றிப் பேச ஒரு திசைக்குக் குறைந்தது மூன்று தடம் வேண்டும்.

கண்காணிப்பும் எளிதல்ல. ஃபாஸ்டேக் வண்டியைப் படிக்கும், தலையை எண்ணாது. கேமரா முன்னிருக்கையை ஓரளவு காட்டும். பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையைக் காட்டாது. கலிபோர்னியாவில் குறைந்தபட்ச அபராதம் 490 டாலர் என்று வைத்தும், பக்கத்து இருக்கையில் பொம்மையை உட்கார வைத்துப் பிடிபட்டவர்கள் உண்டு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு மாநில அரசு ஒரு சாலையில் வண்டிகளைக் கட்டுப்படுத்த அதிகாரம் தருகிறது. ஆனால் அது பேசுவது வண்டியின் வகையைப் பற்றி. லாரிக்கு நேரத் தடை போட அது நேராகப் பொருந்தும், காருக்குள் எத்தனை தலை என்பதற்கு அப்படிப் பொருந்தாது.

அதனால் இந்தச் சாலையில் கேட்க வேண்டியது வேறு. நெரிசல் முக்குகளுக்கு முன்னால் பஸ்ஸுக்கு மட்டும் முந்நூறு, நானூறு மீட்டர் தனி வரிசை, பஸ் நிற்க சாலையை விட்டு உள்வாங்கிய நிறுத்தம், காலை ஏழு முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை டாரஸ்களுக்குத் தடை. இந்த மூன்றும் ஆள் நிறைந்த காருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

எந்த மனு கொடுப்பதானாலும் கையில் கணக்கு இருக்கட்டும். இருவர் போதும். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்கள்; திங்களும் வெள்ளியும் வெளியூர்க்காரர் ஓட்டத்தால் கணக்கைக் குழப்பும். பள்ளி விடுமுறை, திருவிழா, முகூர்த்த நாள் தவிர்க்கவும். காலை 7.30 முதல் 9.30 வரை, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் என எட்டுப் பக்கம்.

ஒருவர் வண்டிகளை மட்டும் எண்ண வேண்டும்: பைக், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி. இன்னொருவர் கார்களுக்குள் தலையை மட்டும் எண்ண வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கும் மேலும் என நான்கு கட்டம். ஒருவரே இரண்டையும் செய்தால், வண்டி கூடும் நேரத்தில் தலை எண்ணிக்கை விட்டுப்போகும். அந்த நேரத்துக் கணக்குதான் நமக்கு வேண்டியது.

நிற்கும் இடத்தில் தவறு நடக்கும். காலையில் வண்டி மேற்கே போகிறது. எதிர்கொண்டு பார்த்தால் சூரியன் எண்ணுபவர் கண்ணில் அடிக்கும், கண்ணாடிக்குள் எதுவும் தெரியாது. சாலைக்குத் தெற்கு ஓரமாகப் பக்கவாட்டில் நின்று ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். வேகத்தடைக்கோ பாலத்தின் தொடக்கத்துக்கோ அருகில் நின்றால் வண்டி மெதுவாகும். கண்ணாடிக் கருமையால் பின்னிருக்கை தெரியாத கார்களை ஊகிக்காமல் "தெரியவில்லை" என்று தனிக் கட்டத்தில் போட வேண்டும்.

முடிவில் கார்களின் மொத்தத் தலையை மொத்தக் காரால் வகுத்தால் சராசரி கிடைக்கும். இதைவிட முக்கியமானது ஒருவர் மட்டும் உள்ள கார்களின் பங்கு. நிரப்ப வாய்ப்புள்ள இருக்கைகள் அவற்றில்தான் இருக்கின்றன.

நேரம் எங்கே போகிறது

தனித் தடம் மக்களை ஈர்க்க, அதில் மைலுக்கு ஒரு நிமிடமாவது, மொத்தம் ஐந்து நிமிடமாவது மிஞ்ச வேண்டும் என்பது அமெரிக்க வடிவமைப்பாளர்களின் பழைய வழிகாட்டி. ஏனெனில் ஆளைச் சேர்ப்பதற்கே நேரம் போகிறது. நம் சாலையில் தடம் தரும் மிச்சம் பூஜ்யம். ஆகவே ஆள் சேர்க்கும் நேரத்தையே குறைக்க வேண்டும். பெரும்பாலான கார்பூல்கள் இரண்டாம் வாரத்தில் உடைவது இந்த இடத்தில்தான்.

வீடு வீடாகப் போய் ஏற்றக் கூடாது. பிரதான சாலையை விட்டு உள்ளே போய்த் திரும்ப ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால், மூன்று பேருக்கு 18 நிமிடம். முதலில் ஏறியவருக்கு அந்தப் பதினெட்டும் நஷ்டம். பயணிதான் சாலைக்கு வர வேண்டும், கார் சாலையை விட்டு இறங்கக் கூடாது. திங்கள்நகர்க்காரர் தக்கலைக்கு வரட்டும். குலசேகரம், திருவட்டாறு, கருங்கல் பக்கத்தவர்கள் மார்த்தாண்டத்துக்கு வரட்டும். டூவீலரை ஸ்டாண்டில் விடட்டும்.

மார்த்தாண்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. கார் மேம்பாலத்தில் ஏறினால் ஊரைத் தாண்டிவிடும். ஒருவரை ஏற்றுவதற்காகப் பாலத்துக்கு அடியில் போனால், சந்தையும் பஸ் ஸ்டாண்டும் சேர்ந்து பாலம் தந்த மிச்சத்தை முழுக்க விழுங்கிவிடும். எனவே மார்த்தாண்டத்தில் ஏறுபவர் பாலத்துக்கு முன்னால் பம்மத்திலோ, பாலம் இறங்கிய பின் குழித்துறைப் பக்கமோ நிற்க வேண்டும். டூவீலரை எங்கே விடுகிறார் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றைத் தீர்மானித்து, பிறகு மாற்றாமல் இருக்க வேண்டும்.

ஏற்றும் இடம் பஸ் நிறுத்தமாக இருக்கக் கூடாது. பின்னால் வரும் அரசு பஸ் சாலையிலேயே நின்றால் அரை கிலோமீட்டர் வரிசை சேரும். நிறுத்தத்தைத் தாண்டி முப்பது, நாற்பது மீட்டர் தள்ளி, இடப்பக்கம் மண் அகலம் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். பயணி சாலையின் இடப்பக்கமே முன்கூட்டி வந்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு "இதோ வாறேன்" என்று கை காட்டினால், அவர் கடந்து வருவதற்குள் இரண்டு நிமிடம்.

காத்திருப்பு மூன்று நிமிடம், அதற்கு மேல் இல்லை. இதை முதல் நாளே எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். விட்டுப்போனவர் பஸ்ஸில் வருவார், அதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. வயதில் மூத்த அண்ணனுக்காக ஒரு நாள் பத்து நிமிடம் நின்றால், அடுத்த வாரம் எல்லாரும் பத்து நிமிடம் தாமதமாக வருவார்கள்.

எல்லை தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. திருவனந்தபுரம் நகருக்குள் தம்பானூர், தலைமைச் செயலகம், பாளையம் பக்கம் வேலை என்றால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழி. கழக்கூட்டம், டெக்னோபார்க், விமான நிலையம் என்றால் காரோடு புறவழிச் சாலை. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே காரில் சேர்க்கவே கூடாது. "போற வழியில இறக்கி விடுங்க அண்ணா" என்று தொடங்கும் ஏற்பாடு, காரை நகரத்துக்குள் இழுத்து அரை மணி நேரத்தைத் தின்னும்.

குழித்துறை, இரணியல் ரயில் நிலையங்களுக்கு அருகில் வீடு இருந்து, வேலை தம்பானூர் சுற்றுவட்டத்தில் என்றால், நேரம் ஒத்துவரும் ரயில் காரைவிட நல்லது. கார்பூல் அதிகம் உதவுவது கழக்கூட்டம் பக்கத்தவர்களுக்கு, ரயில் நிலையத்திலிருந்து தூரத்தில் வசிப்பவர்களுக்கு.

பணமும் சட்டமும்

மார்த்தாண்டம் – கழக்கூட்டம் புறவழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர், போய்வர 100. நெரிசலையும் சேர்த்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 103 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எரிபொருள் சுமார் 690 ரூபாய். டயர், ஆயில், சர்வீஸ் தேய்மானம் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய், 150. புறவழிச் சாலையில் உள்ள திருவல்லம் சுங்கக் கட்டணத்தைச் சேர்க்காமல் நாளுக்கு 840. மாதம் 22 வேலை நாளுக்கு 18,480. நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 4,620. ஓட்டுபவரும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், கணக்கை மூன்றால் வகுக்கக் கூடாது. சட்டத்துக்கும் இந்த ஒரு பங்கு முக்கியம்.

வெள்ளை நம்பர் பிளேட் என்றால் சொந்தப் பயன்பாடு. கூலிக்கு ஆள் ஏற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் வேண்டும். இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல் செயலி வழியாகச் சொந்தக் காரைப் பகிர்வதற்கு இடம் கொடுத்தாலும், மாநிலம் அதைத் தடுக்கலாம் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. ஊர் விட்டு ஊர் போகும் பகிர்வுக்கு வாரம் இரண்டு பயணம் என்ற வரம்பும் வைத்தது. தினமும் எல்லை தாண்டுபவருக்கு அந்த வரம்பு போதவில்லை. 2023-ல் பெங்களூரில் கார்பூல் செயலிகளில் ஓடிய வெள்ளை பிளேட் கார்கள் மேல் நடவடிக்கை என்ற பேச்சு பெரிதாக எழுந்தது நினைவிருக்கும்.

ஆகவே பாதுகாப்பான முறை, காசே கைமாறாத முறை. நால்வரிடமும் கார் இருந்தால் வாரத்துக்கு ஒருவர் வண்டி. நான்கு வாரத்தில் ஒரு சுற்று, கணக்கு தானாகச் சரியாகும். கார் இல்லாதவர் ஒருவர் இருந்தால், அவர் தன் முறைக்குப் பெட்ரோல் பங்கில் நேரடியாக நிரப்பிவிடலாம். வாட்ஸ்அப் குழுவில் "சீட் காலி, ஆளுக்கு 250" என்று முன்பின் தெரியாதவர்களுக்குப் போடும் செய்தி கார்பூல் அல்ல, வாடகை ஓட்டம். டாக்ஸி ஸ்டாண்டில் பெர்மிட்டும் வரியும் கட்டி நிற்பவர் அதை எதிர்த்தால், நியாயம் அவர் பக்கம்.

இன்ஷூரன்ஸ் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். சொந்தக் காரின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இதை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-லேயே தெளிவுபடுத்தியது. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் உடன் வருபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அப்படிப்பட்ட காரைச் சுற்றில் சேர்க்கக் கூடாது. பேக்கேஜிலும் "கூலிக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற வரி இருக்கும். காசு வாங்கி ஓட்டியது தெரிந்தால் நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும். உரிமையாளர் ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம். உடன் வருபவர்களுக்குப் பெயர் குறிப்பிடாத விபத்துக் காப்பைக் கூடுதலாகச் சேர்க்கலாம், அதற்கான பிரீமியம் சிறிய தொகைதான். சுற்றில் உள்ள எல்லாக் கார்களிலும் இருக்க வேண்டும்.

சிறிய காரில் ஐந்தாவது ஆள் வேண்டாம். பின்னிருக்கை நடுவில் பழைய கார்களில் இடுப்பு பெல்ட் மட்டும்தான், சிலவற்றில் அதுவும் மெத்தைக்கடியில் புதைந்து கிடக்கும். பின்னால் உட்காருபவரும் பெல்ட் போட வேண்டும் என்பது விதி. போடாவிட்டால் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். புறவழிச் சாலையில் கார்கள் பறக்கின்றன. பின்னிருக்கையில் பெல்ட் இல்லாதவர், மோதலில் முன்னால் இருப்பவரையும் சேர்த்து நசுக்குவார்.

மாலைச் சிக்கல்

காலையில் எல்லாருக்கும் நேரம் ஒன்றுபோல இருக்கும், மாலையில் இருக்காது. ஒருவருக்கு ஐந்தரை, ஒருவருக்குத் திடீர் மீட்டிங் ஏழு வரை. கார்பூல் முறிவதற்கு இரண்டாவது பெரிய காரணம் இது. தீர்வு, மாலையில் இரண்டு நேரம் வைப்பது: 5.45-க்கு ஒரு கார், 7.15-க்கு ஒரு கார். எட்டுப் பேர் கொண்ட குழுவில், தினமும் இரண்டு கார் போனால் இது நடக்கும். நால்வர் மட்டும் உள்ள குழுவில், மதியம் மூன்று மணிக்குள் தாமதத்தைச் சொல்லாதவருக்கு அன்று கார் காத்திருக்காது என்று வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி விடுபடுபவருக்குக் கடைசி பஸ் நேரம் தெரிந்திருக்க வேண்டும். கழக்கூட்டத்திலிருந்து தம்பானூர், அங்கிருந்து நாகர்கோவில் பஸ் என்று மாறும்போது ஆகும் நேரத்தை ஒரு முறையாவது உண்மையில் போய்ப் பார்த்து வைத்திருப்பது நல்லது.

இரவில் வீடு வரை விட வேண்டிய ஒரே சந்தர்ப்பம் தனியாக இறங்கும் பெண் பயணிக்கு. அந்த ஆறு நிமிடத்தை யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். வீட்டுக் கதவு திறந்த பிறகே கார் நகர வேண்டும்.

ஜூன், அக்டோபர் என்று இரண்டு மழைக்காலமும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. மழை நாளில் பைக்கில் வருபவர்கள் பத்து நிமிடம் முன்கூட்டிக் கிளம்ப வேண்டும், ரெயின் கோட்டைச் சுருட்டிப் போட டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்க வேண்டும். நனைந்த கோட்டோடு நான்கு பேர் ஏறினால் கண்ணாடியில் நீராவி படிந்து முன்னால் சாலை தெரியாது. அப்போது ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளியும். அதுவரை பம்மத்து ஓரத்திலேயே நிற்பது நல்லது, பாலத்தில் ஏறிய பிறகு ஒதுங்க இடம் கிடையாது.